சேற்றுக்கு அடியில் தெப்பம்

"மூங்கில் தண்ணியில முங்காதுக்கா, நான் சொல்றதைக் கொஞ்சம்..."

"என் புருஷன் தெப்பம் எனக்குத் தெரியாதா? பின்பக்கக் கூரைக்கால் குட்டை. நான்தான் வெட்டினேன்!"

சான் பாப்லோ ஊரின் சின்ன ஏரியில், கரைக்குக் கரை கட்டிய கயிற்றைப் பிடித்துப் படகை இழுப்பவள் இசிங். ஒலியை அடிச்சேற்றுக்குள் அனுப்பிப் படம் எடுப்பவன் ரென்சோ. போன வருடம் இங்கே தெப்பத்தோடு காணாமல் போன கணவனைக் கண்டுபிடித்துப் புதைக்கத்தான் அவள் இந்த வேலைக்கே வந்தாள்.

திரையில் சேறு சபின்-சபின் பலகாரம் மாதிரி அடுக்கடுக்காக, ஒரு கீறல் இல்லாமல் கிடந்தது. அதற்குக் கீழே, ஒன்பது மீட்டர் ஆழத்தில், தெப்பம்.

"அந்த அடுக்கு மூவாயிரம் வருஷம் பழசுக்கா."

"அவருக்கு எப்பவும் அவசரம்தான், தம்பி."

சரிபார்க்க, படகு போன ஒவ்வொரு தடத்திலும் மறுமுறை ஓட்டுவது வழக்கம். அதே கயிறு, அதே இடம். இப்போது தெப்பம் நான்கு மீட்டர் ஆழத்துக்கு ஏறி வந்திருந்தது. மேலே ஓர் அடுக்குகூடக் கலையவில்லை. தெப்பத்தில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள்.

ரென்சோ திரையை விட்டுப் பின்னால் நகர்ந்தான். மூன்றாம் முறை ஓட்ட அவன் சொல்லவில்லை. இசிங்கே கயிற்றை இழுத்தாள். திரையில் சேறு மட்டும்தான் தெரிந்தது, தெப்பம் அதில் இல்லை.

அவள் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துவிட்டுத் தண்ணீரின்மேல் குனிந்தாள்.

"மெதுவா வாங்க. இந்தப் பிள்ளை பயந்துட்டான்."