வல்லாரை தின்னேனா?

தாடியில் முதல் நரை தெரிந்த நாளிலிருந்து கறுப்பாட்டுக்கு இருப்புக் கொள்ளவில்லை. காலையில் எலும்புக்கு முருங்கை, மத்தியானம் கண்ணுக்குப் பொன்னாங்கண்ணி, சாயங்காலம் ஞாபகசக்திக்கு வல்லாரை. வேளை தப்பிவிடுமே என்று மேய்ச்சலுக்குப் போவதையே விட்டுவிட்டது.

அது மேயும்போது புல்லிலிருந்து கிளம்பும் பூச்சிகளைப் பிடித்துப் பிழைத்த கரிக்குருவி, பசியோடு வந்து அதன் முதுகில் உட்கார்ந்தது.

"மழை பெஞ்சு மலையடிவாரமே பச்சையா இருக்கு. வாயேன்!"

"இருப்பா! இன்னிக்கு வல்லாரை தின்னேனா, இல்லையா?"

"ரெண்டு தடவை தின்னாச்சு."

"நெசமாவா?" எதற்கும் இருக்கட்டும் என்று ஆடு இன்னொரு வாய் கடித்துக்கொண்டது.

குருவிக்குப் பொறுக்கவில்லை. "இத்தனையும் தின்னு, நூறு வயசு இருந்து, என்னதான் பண்ணப்போறே?"

ஆடு மெல்லுவதை நிறுத்தியது.

"அது தெரியறதுக்கு எந்த இலை தின்னணும்?"