டேங்க் மூடியில் ஒரு பொட்டு

பருவம் தப்பிய மழை. பட்டப்பகலிலேயே தாராவி முழுவதும் தார் டின்னுக்குள் உட்கார்ந்திருக்கிறது. கரீம் பாட்சாவின் பட்டறை வாசலில் வேல்ராஜின் பழைய ஜீப் இருமுகிற இருமலுக்குக் கல்யாண் ஸ்டேஷனில் ரயில்கள் நின்றிருக்கும். பட்டறை பெஞ்சில் பொழுது போக்கும் என் போன்ற ஓய்வூதியக்காரனுக்கு இதைவிட வேடிக்கை ஏது? மலைப்பாதையில் மூட்டை ஏற்றிப் பிழைப்பவர் வேல்ராஜ். ஒரு மாதமாகப் பாதி ஏற்றத்தில் வண்டி நின்றுவிடுகிறது. இன்றும் சரியாகாவிட்டால் காயலான் கடைதான். கரீம் பாட்சா டீசல் டேங்க் மூடியைத் திருகுகிறார். ‘புஸ்’ஸென்று ஒரு பெருமூச்சு, திடுக்கிட்டு எழுந்த பட்டறைப் பூனை பாண்டுப் ஸ்டேஷன் வரை ஓடித்தான் நின்றிருக்கும்.

“ஏலே வேல்ராசு, காத்துப் போற துளையில சந்தனத்தை அப்பி வச்சிருக்கியே! டேங்குக்கு மூச்சு முட்டாதா?” சிரித்தபடி குண்டூசியை எடுக்கிறார்.

“பாய், இரும்.” வேல்ராஜின் உள்ளங்கை மூடியை மறைக்கிறது. “ஆயுத பூசைக்கு என் வீட்டுக்காரி வச்ச பொட்டு. அந்த வாரமே போயிட்டாளே.”

கரீம் பாட்சா குண்டூசியைச் சட்டையில் குத்திக்கொண்டு, பழைய சாமான் குவியலில் வேறொரு மூடி தேடி மாட்டுகிறார். ஜீப் சீராக உறுமுகிறது. வேல்ராஜ் அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. பழைய மூடியைச் சட்டைப்பையில் போட்டு, சாரல் படாமல் கையால் பொத்திக்கொண்டு நிற்கிறார்.