செலின் என்ற செடி

பூச்சிகள் அற்றுப்போய்ப் பதினோரு வருடங்களாகின்றன. கோத்தகிரியில் அருளப்பன் பூச்சி தின்னும் தன் குடுவைச் செடிகளுக்குத் தினமும் தீவன மாத்திரைதான் போடுகிறார்.

"அப்பா, இதுக்குள்ள ஏதோ சத்தம் கேக்குது!" என்றாள் எட்டு வயது மகள் செலின்.

எட்டிப் பார்த்தார். தேனீ! வழுக்கும் சுவரில் ஏறுவதும் விழுவதுமாக இருந்தது. குடுவையின் வாயில் உள்நோக்கி வளைந்த பற்கள். இடுக்கி நுழையவில்லை, கவிழ்த்தாலும் அது விழவில்லை.

"குடுவைய வெட்டி எடுத்துடுப்பா."

கத்தரிக்கோலை எடுத்தார். பதினாறு வருடக் கலப்பின முயற்சியில் கிடைத்த ஒரே செடி, அதில் வந்த ஒரே குடுவை. நாளை கண்காட்சி. மகள் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார்.

"இரும்மா, யோசிக்கிறேன்."

யோசித்து முடிப்பதற்குள் சத்தம் அடங்கிவிட்டது.

செலின் பெயர்ச்சீட்டைப் பிடுங்கி அவர் கையில் கொடுத்தாள்.

"இதுக்கு என் பேரு வேணாம்ப்பா."