மேப்பிள் மரத்துக்குக் கேட்கக் கூடாது

"விலை கூடப்படாது மகன். அதைவிட முக்கியம், சத்தம் வரப்படாது," என்றார் மாமாங்கம்.

கண்ணாடி மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற கடைக்காரன் டெனிஸ்டன் தலையாட்டினான். நாற்பதைத் தொடும் மன்னார் ஆள். வேட்டைச் சாமான் விற்கும் கடையில் தமிழ் கேட்கும் என்று மாமாங்கம் நினைத்திருக்கவில்லை. அந்த வாரம் அவர் வாய் திறந்து பேசிய முதல் ஆளும் அவன்தான்.

முதலில் வந்தது பொயின்ட் டூ டூ றைபிள். தூக்கிப் பார்த்தார், பிடித்திருந்தது. லைசென்ஸ் வேண்டும், வகுப்புக்குப் போய்ச் சோதனை எழுத வேண்டும் என்றதும் மெல்லத் திருப்பி வைத்தார். எழுபது தாண்டிய பிறகு யாரும் தன்னை பெயில் விடுவதில் அவருக்கு விருப்பமில்லை.

இரண்டாவது, ஸ்பிரிங் வைத்த காற்றுத் துப்பாக்கி. லைசென்ஸ் தேவையில்லை, விலையும் மலிவு. கடையின் பின்பக்கம் சுட்டுப் பார்க்க ஓர் ஒடுக்கமான அறை இருந்தது. டெனிஸ்டன் சுட்டுக் காட்டினான். யாரோ கோபத்தில் கதவை அடித்துச் சாத்தியது போல இருந்தது.

"கேக்கும்," என்றார் மாமாங்கம்.

மூன்றாவது, கையால் காற்றடித்துச் சுடுவது. குறைவாகக் காற்றடித்தால் சத்தமும் குறையுமாம். பொறு என்று கையைக் காட்டிவிட்டு, மாமாங்கம் கடை வாசல்வரைக்கும் நடந்து போனார். தூண்டில்கள் தொங்கும் இடத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணை மூடி, காதைக் கொடுத்து நின்றார்.

எப்போது சுடப்போகிறான் என்று காத்துக்கொண்டிருந்தபோது, டெனிஸ்டன் பின்னால் வந்து தோளைத் தொட்டான். சுட்டு முடித்திருந்தான்.

"பக்கத்து வீட்டுச் சனத்துக்குப் பயப்பிடுறியளோ அங்கிள்? சிட்டிக்குள்ள சுட விடமாட்டாங்கள். அதையும் நான் சொல்லத்தான் வேணும்."

மாமாங்கம் பக்கத்து வீடுகளை நினைக்கவே இல்லை. ஒரு பக்கம் இருப்பவர்கள் கையசைப்பதோடு சரி. மறுபக்கம் யார் இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியாது. அவர் நினைத்தது பின்வேலிக்கு அப்பால் நிற்கும் மேப்பிள் மரத்தை.

அந்த மரத்தில்தான் காகம் வந்து இருக்கும்.

மனைவி கனகாம்பிகை போன பிறகு, ஒவ்வொரு அமாவாசைக்கும் அவரே சோறு வடித்து, பருப்பும் கத்தரிக்காயும் சமைத்து, வாழையிலைத் துண்டில் படைப்பார். மில்லிக்கன் பகுதியில் இருந்த வீட்டின் பின்வளவில் இலையை வைத்துவிட்டு, கா கா என்று கூப்பிடுவார். மட்டக்களப்பில் என்றால் கூப்பிட்டு வாய் மூடுமுன் ஒரு கூட்டமே வந்து இறங்கிவிடும். இங்கே ஓடி வருவது கறுத்த அணில்கள். சோற்றைக் கிளறி, இலையையும் இழுத்துக்கொண்டு போய்விடும். இந்த நாட்டு அணிலின் முதுகில் மூன்று கோடு கிடையாது, ஆகையால் பாவம் பார்க்கவும் தேவையில்லை என்று அவர் முடிவுகட்டியிருந்தார்.

காகம் மரத்திலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருக்கும், இறங்காது. அணிலை விரட்டப்போய் அதையும் விரட்டிவிட்டால், பிறகு அவர் யாரைக் கூப்பிடுவது?

நாளைக்கு அவளுடைய ஆண்டுத் திவசம். அஜக்ஸ் நகரிலிருந்து வருகிறேன் என்றிருந்த மகள் சஜிதா, வேலைக்குப் போகவேண்டும் என்று நேற்று போனில் குறுஞ்செய்தி அனுப்பிவிட்டாள். அவர்தான் தனியாகச் சமைக்க வேண்டும், தனியாகக் கூப்பிட வேண்டும்.

"இதைக் கொண்டுபோங்கோ அங்கிள். கொஞ்ச நாளில உங்கட வளவில ஒரு அணிலும் நிக்காது," என்று டெனிஸ்டன் துப்பாக்கியை நீட்டினான்.

மாமாங்கம் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பாரமே இல்லை. அணில் இல்லாத வளவை நினைத்துப் பார்த்தார். கழுவித் துடைத்த பலகை, அதில் இலை, இலையில் ஆவி பறக்கும் சோறு. தட்டிப் பறிக்க யாருமில்லை. அவர் கூப்பிடுகிறார். மரத்திலிருந்து காகம் பார்க்கிறது.

அப்போதும் இறங்கவில்லை என்றால்?

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் கனகாம்பிகை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவர் கூப்பிடக் கூப்பிட இந்தப் பக்கம் திரும்பவில்லை. நோவினாலா, தன்மேல் உள்ள கோபத்தினாலா என்று கேட்க அவருக்குத் துணிவு வரவில்லை. மனக்குறையோடு போனவர்கள் வைத்த சோற்றைத் தொடமாட்டார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

இந்த ஒரு வருடமும் அவள் தொடாததற்கு அணில்கள்தான் காரணம். அப்படி நம்பித்தான் அவர் ஒவ்வொரு அமாவாசையையும் கடந்து வந்திருந்தார்.

துப்பாக்கியைக் கண்ணாடி மேசையில் மெல்ல வைத்தார்.

"ஏன் அங்கிள், இதுவும் சத்தமோ?"

"இல்ல மகன். இது நல்லாத்தான் இருக்கு," என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வழியில் பிளாசாவில் இருந்த தமிழ்க் கடையில் காரை நிறுத்தி, படையலுக்கு வாழையிலையும் கத்தரிக்காயும் வாங்கினார். கார்வரைக்கும் போனவர் திரும்பி வந்து, கோதோடு ஒரு பெரிய பை கச்சான் கடலையும் எடுத்துக்கொண்டார். அணில்கள் நாளைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது.