பதினைந்து வயதுக்குள்

கடைசி வளைவில் திரும்பும்போது இசக்கிசெல்விக்கு முன்னால் ஒருவரும் இல்லை. நீச்சலிலும் சைக்கிளிலும் முந்தியாயிற்று. ஓட்டத்தில் இன்னும் முந்நூறு மீட்டர்தான் மிச்சம். ஆனாலும் போலீசுக்குப் பயந்த திருடியைப் போலத்தான் அவள் ஓடிக்கொண்டிருந்தாள்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் அப்பா பிரம்மநாயகமும் கூடவே ஓடி வந்தார். தாராவியில் தோல் பை தைக்கிற பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு, விடியும் முன்பே அவளைச் செம்பூருக்கு அழைத்து வந்தவர்.

“விடாதளா! இன்னும் கொஞ்சந்தான்! ஓடு!”

அந்தக் குரல் கேட்கக் கேட்க அவளுக்கு மூச்சு முட்டியது.

மூன்று வாரத்துக்கு முன்புதான் அது தெரிந்தது. கோச் நாகராஜ் ஜெராக்ஸ் எடுத்து வரச் சொல்லி அவளுடைய ஃபைலைக் கொடுத்தனுப்பினார். தான் இறங்குகிற ஜூனியர் பிரிவு என்றால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். ஃபைலின் மேலேயே ‘பதினைந்து வயதுக்குள்’ என்று எழுதியிருந்தது. உள்ளே முனிசிபாலிட்டியின் பிறப்புச் சான்றிதழ். கணக்குப் போட்டுப் பார்த்தாள்; அதன்படி அவளுக்குப் பதினான்கு.

பள்ளிக்கூட ரிஜிஸ்டரிலும் ஆதாரிலும் பதினாறு.

அன்று சாயங்காலம் வீட்டில் தடுப்புப் பலகைக்குப் பின்னால் அப்பா அம்மாவிடம் சொன்னதும் காதில் விழுந்தது. “செலக்‌ஷனுக்கு ஸ்கூல் பேப்பர் எதையும் குடுத்துராத, வடிவு. ரெண்டையும் சேத்துப் பாத்தாம்னா மாட்டிக்கிடுவோம்.”

அது பொய்ச் சான்றிதழா என்று அப்பாவிடம் நேராகக் கேட்டிருக்கலாம். கேட்டு, அவர் ஆமாம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பது? விலகிக்கொள்ளலாம் என்றால், பட்டறைக்காரர்கள் எல்லோருமாகச் சேர்ந்து வாங்கித் தந்த சைக்கிள் வாசலில் நின்றது. ஏன் என்று தெருவே கேட்கும். கோச்சிடம் சொன்னால் அப்பா மாட்டிக்கொள்வார். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

இன்று வேண்டுமென்றே தோற்றுவிடுவது என்று முடிவு செய்துகொண்டுதான் வந்தாள். நீச்சல் குளத்து ஓரத்தில், பள்ளிக்கூடத்துப் பிரேயர் வரிசையில் எப்போதும் குள்ளமான முதல் ஆளாக நிற்கிற அவள், மாட்டுங்காவிலிருந்து வந்திருந்த ஹரிதாவின் தோளுக்குத் தோள் சரியாக நின்றாள்.

“ஒரு வருஷமா உன் முதுகைத்தான் பாத்துண்டிருக்கேன்,” என்றாள் ஹரிதா சிரித்துக்கொண்டே. “அடுத்த வருஷம் எனக்கு வயசு தாண்டிடும். இன்னிக்கு விட்டா அவ்ளோதான்.”

தேசியப் போட்டிக்கு ஒருத்திதான் போக முடியும். இந்த முறை அவளுக்கே விட்டுவிட வேண்டும் என்று நினைத்தபடிதான் செல்வி தண்ணீரில் குதித்தாள். ஆனால் கையும் காலும் அவள் பேச்சைக் கேட்கவில்லை. மெதுவாகப் போக அவற்றுக்கு யாரும் சொல்லித் தந்திருக்கவில்லை.

முதலாவதாகவே கோட்டைத் தாண்டினாள். அப்பா கயிற்றுக்கு அடியில் குனிந்து வருவதற்குள், பையை எடுத்துக்கொண்டு நேராக நடுவர் மேஜைக்குப் போனாள்.

“மேடம், எனக்குப் பதினாறு வயசு. ஃபைல்ல இருக்கிற பேப்பர் தப்பு,” என்றாள் இந்தியில். ஆதார் கார்டை மேஜைமேல் வைத்தாள்.

அந்த அம்மாள் கார்டையும் சான்றிதழையும் மாறி மாறிப் பார்த்தார். “நல்லா யோசிச்சுக்கோ, பேட்டா. எழுதிக் குடுத்துட்டா இன்னிக்கு ஜெயிச்சது போயிடும். ரெண்டு வருஷத்துக்கு எந்த ரேஸிலயும் இறங்க முடியாது.”

“எழுதித் தரேன் மேடம்.”

எழுதினாள். கையெழுத்தும் போட்டாள். சற்று நேரத்தில் மைக்கில் ஹரிதாவின் பெயர் ஒலித்தது. மூன்று வாரத்தில் முதல் தடவையாக மூச்சு நெஞ்சு நிறைய உள்ளே போனது.

பிரம்மநாயகம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடி வந்தார். “என்னளா இது? நீதான முன்ன வந்த? அந்தப் புள்ள பேரைச் சொல்லுதான்?”

“நாந்தாம்ப்பா சொல்லிட்டேன்.” அவள் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. “பதினாறுன்னு எழுதிக் குடுத்துட்டேன். எனக்காவ நீங்க பொய் சொல்லவேண்டாம். ஜெயிக்காட்டாலும் பரவால்ல.”

அடிப்பார் என்று நினைத்தாள். அவர் கை ஓங்கவில்லை. பாதையோரக் கல்லில் மெல்ல உட்கார்ந்தார்.

“கையெழுத்தும் போட்டுட்டியா?”

“போட்டுட்டேன்.”

“எதைக் காட்டுன?”

“ஆதாரை.”

மேடையில் ஹரிதாவின் கழுத்தில் பதக்கம் விழுந்தது; எல்லோரும் கை தட்டினார்கள்.

“அப்போ உங்கம்மாவும் வேலைக்குப் போனாத்தான் அடுப்பு எரியும்,” என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே. “உன்னைய ஒத்தையில ரூமுக்குள்ள வெச்சுப் பூட்டிட்டுப் போவ மனசு வரல.”

“எப்போப்பா? என்ன சொல்லுதிய?”

பிரம்மநாயகம் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது.

“மூணு வயசுலயே ஸ்கூல்ல சேக்கத்தாம்ளா ரெண்டு வயசு கூட்டிச் சொன்னேன்.”