அனுப்பாத கடிதத்துக்குப் பதில்

மெக்கானிக் பட்டறையில் மதிய வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியே பொட்டுப் பொட்டாகத் தரையில் விழுந்து கிடக்கிறது. பிரேக் சாமான்களின் விலைப்பட்டியல் வந்துவிட்டதா என்று பார்க்க, எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் இலவச மெயிலைத் திறந்த மெக்கானிக் அப்படியே நிற்கிறார். திரையின் ஓரத்து விளம்பரத்தில் ஒரு பெண் சிரித்தபடி முடியை ஒதுக்கிக் காட்டுகிறாள். காதுக்குப் பின்னால் மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கருவி. 'இடது காது மந்தமா? இன்றே வாருங்கள்.' இடது காது என்று அவ்வளவு திட்டமாக எப்படி? என்ஜின் கோளாறைக் காதாலேயே பிடிப்பவர் என்றுதான் ஊரே இவரிடம் வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. போன வாரம் இதே மெயிலில் அக்காவுக்கு நாலு வரி தட்டினார்: இடது காது கேட்கவில்லை, யாரிடமும் சொல்லிவிடாதே. அனுப்ப மனம் வரவில்லை. இப்போது டிராஃப்டைத் திறந்து பார்க்கிறார். போட்டது போட்டபடி கிடக்கிறது. அக்காவே படிக்காததை வேறு யார் படித்தார்கள்?

"என்னங்க, பேயறைஞ்ச மாதிரி நிக்கிறீங்க?" என்று மனைவி வலப்பக்கமாக எட்டிப் பார்க்கிறாள். "காது மிஷினா? எந்தச் செவிடனுக்கோ போக வேண்டியது நம்மகிட்ட வந்திருக்கு!" அவளோடு சேர்ந்து அவரும் சிரிக்கிறார், கை மட்டும் கடிதத்தை அழிக்கிறது. கடிதம் போய்விட்டது, அந்த விளம்பரப் பெண் போகவில்லை. வாசலில் ஒருவர் வண்டியை உறுமவிட்டு, "அண்ணே, உள்ள ஏதோ சத்தம் வருது, என்னன்னு கேளுங்க" என்கிறார். குனிந்து வலது காதை வைக்கப் போனவர், திரை தன்னைப் பார்க்கிறதா என்று ஒருமுறை திரும்பிப் பார்க்கிறார்.