பாதிரியாரின் முட்டி

தவக்காலம் தொடங்கியதிலிருந்து ஆர்த்தடாக்ஸ் சபைப் பாதிரியார் இலாரியோன் காலையில் இயேசு படத்தின் முன் நெற்றி தரையில் பட விழுந்து விழுந்து எழுந்துகொண்டிருந்தார். மனைவி பரஸ்கீவா பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள்.

“வழக்கமா கும்பிடுறதுக்கு மேல இது என்னங்க? முட்டி ரெண்டும் பூசணிக்காயா வீங்கிக் கெடக்கு. அப்படி என்ன பாவம் பண்ணீங்க?”

அவர் இன்னொரு முறை விழுந்து எழுந்தார்.

“பொம்பளை விவகாரமா?”

“ஏண்டி, இந்தத் தாடிய எவ பார்ப்பா?”

“அப்ப சொல்லுங்க.”

“சொல்லக் கூடாது.”

கதவு தட்டும் சத்தம் கேட்டது. லாரி டிரைவர் கோஸ்தின், காலில் மாவுக்கட்டும் கக்கத்தில் கட்டையுமாக நின்றான்.

“சாமி, தவக்காலத்துக்கு முன்னாடி பாவ அறிக்கை முடிஞ்சதும் தினமும் விழுந்து கும்பிடச் சொன்னீங்கல்ல? மறுநாளே கால் ஒடிஞ்சிடுச்சு. ஒரு தடவகூட முடியல. தீர்ப்பு நாள்ல கடவுள் கேப்பாரே! கொஞ்சம் தள்ளுபடி பண்ணுங்க.”

“தள்ளுபடியெல்லாம் கெடையாது. பாவம்னா பாவந்தான்.”

பரஸ்கீவா சீறினாள். “நொண்டிக்கிட்டு வந்தவன்கிட்டயா இந்தக் கறார்?”

பாதிரியார் முட்டியைத் தடவிக்கொண்டார். “தள்ளுபடி இல்லன்னுதான் சொன்னேன். கோஸ்தின், உன் கால் ஒடிஞ்சது அன்னைக்கே தெரியும். நீ கும்பிட வேண்டியதெல்லாம் இன்னைக்குக் காலையோட முடிஞ்சிடுச்சுப்பா. வீட்டுக்குப் போ.”

பரஸ்கீவா தைலப் புட்டியை எடுத்து வந்தாள். கோஸ்தின் அந்த முட்டிகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“இனிமே பாவம் பண்ணவே பயமா இருக்கு சாமி.”

“நரகத்த நெனச்சா?”

“இல்ல சாமி. உங்க முட்டிய நெனச்சு.”